தவிட்டுக்கு வாங்கியவள் வந்து போனாள்

என் கூடப் பிறந்தவளே, அஞ்சலை,

இந்த வருஷம் உன் நினைவு நாளுக்குப் பேப்பரில் ஒரு கட்டம் வாங்கி, உன் படத்தைப் போட்டு, கீழே நாலு வரி போடலாம் என்று உன் மகள் தவுடு சொன்னாள். செத்தவர்கள் எல்லாருக்கும் போடுகிற அதே நாலு வரி. அதை அச்சாபீஸில் ஏற்கெனவே கோத்து வைத்திருக்கிறார்கள், பெயரை மட்டும் மாற்றினால் போதும். பள்ளிக்கூட வாசலை மிதிக்காமல், சுவரில் எழுதிய தேர்தல் எழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கற்றவன் நான். அடுத்தவன் எழுதி வைத்த நாலு வரியில் என் தங்கச்சியிடம் பேசுவேனா? விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் நடத்துகிற மாதப் பத்திரிகையில் இடம் கேட்டேன். கொடுத்தார்கள். ஊரே படிக்கட்டும். எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை.

சொல்ல வந்தது இதுதான். எனக்குப் பயமாக இருக்கிறது அஞ்சலை.

உனக்குத் தெரியும், நான் பயந்த ஆள் இல்லை. கூலி உயர்வு கேட்டு நடு வயலில் உட்கார்ந்தபோது பண்ணையார் வீட்டு ஆட்கள் தடியோடு வந்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை. புயலில் கூரை பிய்ந்து போனபோது உன்னையும் பிள்ளையையும் உரல் பக்கம் உட்காரவைத்து மேலே தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை நின்றேன். அப்போதெல்லாம் பயப்படவில்லை. இப்போது தலை நரைத்த ஒரு பெண்பிள்ளை, சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மார்த்தா அம்மாதான். நீ உன் பிள்ளையை யாருக்குத் தவிட்டுக்கு விற்றாயோ, அவள்தான்.

படிக்கிற மற்றவர்களுக்கு இது புரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்.

என் தங்கச்சிக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவதாகப் பிறந்தவள் கயல்விழி. பிறந்தபோதே உதடு நாவல்பழம் தின்றது போல இருந்தது. பால் குடிக்கும்போது மூச்சு வாங்கும். இதயத்தில் ஓட்டை என்று தஞ்சாவூர் டாக்டர்கள் சொன்னார்கள். பிள்ளையின் அப்பன் திருப்பூருக்கு வேலைக்குப் போகிறேன் என்று போனவன், போனவன்தான். வேளாங்கண்ணிப் பக்கம் சிஸ்டர்கள் நடத்துகிற ஒரு விடுதி உண்டு. வெளிநாட்டுக்காரர்கள் ஆளுக்கு ஒரு பிள்ளையைப் பொறுப்பெடுத்து மாதா மாதம் உதவி அனுப்புவார்கள். பிள்ளை தாயோடு அதன் வீட்டிலேயே வளரும். யாரோ சொல்லி அஞ்சலை அங்கே போய்ப் பெயர் கொடுத்தாள். பெல்ஜியத்திலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் கயல்விழியை எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெண்சாதிதான் மார்த்தா. ஆபரேஷனுக்கு வழி செய்ததும் அவர்கள்தான்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. முதலில் வேறு நாட்டிலிருந்து ஒரு பிள்ளையைத் தத்தெடுக்கத்தான் பதிவு செய்து வருஷக்கணக்காகக் காத்திருந்தார்களாம். அப்படிக் கொண்டுவரப்பட்ட ஒரு பிள்ளையின் அம்மா ஊரில் உயிரோடு தேடிக்கொண்டிருக்கிறாள் என்று எங்கேயோ கேள்விப்பட்டு, அன்றே வரிசையை விட்டு விலகிவிட்டார்கள். தாய் இருக்கிற பிள்ளையைத் தாயிடமிருந்து எடுக்க மனசு வரவில்லை, தாயிடமே விட்டு வளர்க்கலாம் என்று இதற்கு வந்தார்களாம். சிஸ்டர் இப்படித்தான் சொன்னார்.

ஆபரேஷனுக்கு முன்னால் அவர்கள் பிள்ளையைப் பார்க்க வந்தார்கள். அன்றைக்குத்தான் நீ அந்த வேலையைச் செய்தாய்.

நம் பக்கத்து வழக்கம் அது. பிள்ளை தங்காத வீட்டில், பிறந்த பிள்ளையை வேறொருத்திக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். அவள் முறத்தில் தவிடு தருவாள், தாய் முந்தானையில் வாங்கிக்கொண்டு பிள்ளையை அவள் மடியில் போடுவாள். அதோடு பிள்ளை அவளுடையது. பிறகு தாய் அதைத் தூக்கிக்கொண்டு, உன் பிள்ளையை நான் வளர்த்துத் தருகிறேன் என்பாள். எமன் தேடி வந்தால், இந்த வீட்டில் இவளுக்குப் பிள்ளையே இல்லை என்று திரும்பிப் போய்விடுவானாம். அப்படி விற்ற பிள்ளைகளுக்குத்தான் நம் ஊரில் தவிட்டையன், தவிட்டம்மாள் என்றெல்லாம் பெயர் இருக்கிறது. நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை.

நீ பக்கத்து வீட்டு ராசாத்தியைத் தவிடு கொண்டுவரச் சொன்னாய். முறத்தை அந்த வெள்ளைக்காரி கையில் கொடுத்து, உன் முந்தானையில் கொட்டச் சொல்லிச் சாடை காட்டினாய். அவள் ஏதோ வரவேற்பு மரியாதை என்று நினைத்து, சிரித்துக்கொண்டே கொட்டினாள். பிள்ளையை அவள் மடியில் போட்டு "வித்தேன்" என்றாய். கூட வந்த சிஸ்டர் முறைத்தார்.

"என்ன அஞ்சலை இதெல்லாம்?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர், பிள்ளைக்கு ஒரு ஆசீர்வாதம். அப்படியே அவங்க பாஷையில சொல்லிடுங்க."

சிஸ்டரும் ஆசீர்வாதம் என்றே சொல்லிவிட்டார். மார்த்தா கண் கலங்கி உன் கையைப் பிடித்துக்கொண்டாளாம். வயலிலிருந்து நான் வந்தபோது கார் போய்விட்டது. ராசாத்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று நான் போட்ட சத்தம் கோரையாற்று அக்கரைவரைக்கும் கேட்டிருக்கும்.

"ஊர்ல வேற பொம்பளையே கெடைக்கலயா ஒனக்கு? வெள்ளைக்காரிக்கா விப்ப?"

நீ பிள்ளைக்குப் பவுடர் போட்டுக்கொண்டே சொன்னாய்: "ஊர்ல யாருக்கு வித்தாலும் எமனுக்கு அட்ரஸ் தெரியும்ணே. இவங்க அட்ரஸ் தெரியாது. கடல் தாண்டிப் போயி விசாரிக்கணும். அதுக்குள்ள புள்ள வளந்துடும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபமாக இருக்கும்போது சிரிக்க வைப்பது உன் வழக்கம். ஆனாலும் அன்று சொன்னதை இன்றும் சொல்கிறேன், நீ செய்தது சரியில்லை. விளையாட்டுக்கு விற்றாலும் திரும்ப மீட்கக்கூடிய தூரத்தில்தான் விற்க வேண்டும்.

பிள்ளை பிழைத்தது. அன்று முதல் அவள் வீட்டுக்குத் தவுடு, பள்ளிக்கூடத்துக்குக் கயல்விழி. ஓடினாள், மரம் ஏறினாள், வாய்க்காலில் குதித்தாள். நீ பார்த்தாய், சந்தோஷப்பட்டாய். அவள் நாலாவது படிக்கும்போது, ஆடியில் குறுவைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்த உன்மேல் இடி விழுந்தது. கூடக் குனிந்திருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. உன்னை மட்டும் கொண்டுபோய்விட்டது.

பெண் பிள்ளையாக இருந்தால், ஆளானதும் விற்றவள் புது நெல்லும் சேலையும் கொடுத்து வாங்கியவளிடமிருந்து மீட்டுக்கொள்ள வேண்டும். அதுவும் வழக்கம். நீ மீட்காமலே போய்விட்டாய்.

அவள் ஆளானபோது தாய்மாமன் சீர் நான்தான் செய்தேன். பச்சை ஓலை வெட்டி வந்து குடிசை கட்டினேன். தண்ணீர் ஊற்றும்போது ராசாத்தி என் காது பட இன்னொருத்தியிடம் சொன்னாள்: "வாங்குனவ இன்னும் நெல்லு வாங்கல. அடுத்தவ புள்ளைக்கு இவரு ஓலை கட்டுறாரு." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த வார்த்தை முள் மாதிரி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. நம்பாதவனுக்கும் முள் குத்தத்தானே செய்யும்?

நீ போன பிறகு நடந்த ஒன்றை உனக்குச் சொல்லவில்லை. காரியம் முடிந்த கொஞ்ச நாளில் சிஸ்டர் வந்தார். "பிள்ளையை இனி யார் பாத்துக்குவாங்கன்னு மார்த்தா அம்மா கேக்குறாங்க" என்றார். தாய் இருக்கிற பிள்ளையை எடுக்க மாட்டேன் என்று சொன்னவள்தானே? இப்போது தாய் இல்லையே? அந்தக் கேள்விக்கு வேறு என்ன அர்த்தம்?

"தாய்மாமன் நான் இருக்கேன். எவளும் கேக்க வேண்டாம்" என்றேன்.

"பெரியவரே, அப்படியெல்லாம் யாரும் தூக்கிட்டுப் போக முடியாது. சட்டம் இருக்கு. அவங்க அக்கறையில கேட்டாங்க."

"அக்கறைன்னா அங்கேருந்தே படட்டும்."

அது வெறும் விசாரிப்புத்தான் என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். சொல்லட்டும். நான் ஒரு மாதம் தவுடைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டு, வாசலில் இருக்கிற புளியமரத்தடியிலேயே உட்கார்ந்திருந்து, கூட்டிக்கொண்டு வந்தேன். கூலி போனது. அப்படிச் செய்ததில் எனக்கு வெட்கம் இல்லை.

இன்னொரு சண்டையும் போட்டேன். விடுதியில் பிள்ளைகளின் படம் போட்டு வருஷா வருஷம் ஒரு புத்தகம் அச்சடிப்பார்கள். அதில் தவுடு படத்துக்குக் கீழே "ஆதரவற்ற குழந்தை" என்று இருந்தது. பஸ் ஏறிப் போனேன்.

"நான் என்ன செத்தா போய்ட்டேன்? ஆதரவு இல்லாத புள்ளையா அது?"

"அது பொதுவா எல்லாருக்கும் போடுற வார்த்தைங்க."

"அப்ப எல்லாருக்கும் மாத்துங்க."

அடுத்த வருஷம் தவுடுக்கு மட்டும் "தாய்மாமன் பராமரிப்பில் உள்ள குழந்தை" என்று போட்டிருந்தார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு மாற்றவில்லை. அதற்கும் போய்க் கேட்டேன். என்னைத் தூரத்தில் பார்த்தாலே ஆபீஸ் கதவைச் சாத்த ஆரம்பித்தார்கள்.

ஒன்று கேட்கிறேன் அஞ்சலை. பிள்ளையை ஒரே நாளில் விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோனால் அது தத்து. ஊர் கூடி அழும், நாமும் அழுது முடித்திருப்போம். இங்கேயே விட்டு, வருஷத்துக்கு ஒரு வாழ்த்து அட்டை, அப்புறம் கலர் பென்சில், அப்புறம் இங்கிலீஷ் கதைப் புத்தகம், அப்புறம் போனில் முகம் பார்த்துப் பேச்சு என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளையின் மனசைக் கொண்டுபோனால் அதற்கு என்ன பெயர்? உடம்பு நம் வீட்டில் வளர்ந்தது. கனவு எந்த வீட்டில் வளர்ந்தது என்று நான் பார்க்கத் தவறவில்லை, பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். தடுக்கத்தான் வழி தெரியவில்லை. எதைத் தடுப்பது? கலர் பென்சிலையா?

குற்றம் சொல்லவும் முடியவில்லை. அந்த வீட்டிலிருந்து ஒரு வார்த்தை அதிகாரமாக வந்ததில்லை. ஒரு வருஷம்கூட உதவி நின்றதில்லை. புருஷன் இறந்த வருஷம்கூட. கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்!

தவுடு மன்னார்குடியில் பிளஸ் டூ முடித்தாள். பதினெட்டு முடிந்துவிட்டது. பிள்ளைகளுக்கான உதவி அதோடு முடிந்தது. அப்பாடா, கணக்கு தீர்ந்தது என்று மூச்சு விட்டேன். தை பிறந்ததும் மார்த்தா வருவதாகப் போன் வந்தது.

சம்பா அறுப்பு நேரம். வயலில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தெரு முனையில் கார் நின்றதுமே ராசாத்தி கத்தினாள்: "ஏண்டி தவுடு, ஒன்ன வாங்குனவங்க வந்துட்டாங்கடி, பொட்டியக் கட்டு!"

தவுடு சிரித்துக்கொண்டு ஓடினாள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

உன் மகள் விரால் மீன் குழம்பு வைத்திருந்தாள். மார்த்தா தரையில் உட்கார்ந்து கையால் சாப்பிட்டாள். முழங்கால் வலி போலிருக்கிறது, எழுந்திருக்க நேரம் ஆனது. நான் கை கொடுக்கவில்லை, தவுடு கொடுத்தாள். பிறகு பேச்சு ஆரம்பித்தது. சிஸ்டர் வரவில்லை. அந்தம்மா சொல்வதை எனக்கும், நான் சொல்வதை அந்தம்மாவுக்கும் சொல்ல நம் தவுடுதான். யாருக்காக வழக்கு நடக்கிறதோ அவளே இரண்டு பக்கத்துக்கும் வக்கீல்!

விஷயம் இதுதான். அங்கே நர்ஸ் படிப்புக்கு இடம் வாங்கலாமாம். முதலில் அவர்கள் பாஷையைக் கற்றுப் பரீட்சை எழுத வேண்டுமாம். மார்த்தா வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறதாம், அங்கே தங்கிப் படிக்கலாமாம்.

"படிச்சி முடிச்சதும் திரும்பி வருவாளான்னு கேளு" என்றேன்.

தவுடு கேட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"நான் அவ்வளவு நீளமாவா கேட்டேன்?"

"இங்கிலீஷ்ல அவ்வளவு நீளம் மாமா."

மார்த்தா என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். தவுடு தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்ன சொல்றாங்க?"

"அது அவங்க சொல்ல முடியாதாம் மாமா. நான்தான் சொல்லணுமாம்."

"சரி, நீ சொல்லு."

"தண்ணி குடிக்கிறீங்களா மாமா?" என்று எழுந்து போய்விட்டாள்.

அந்த நிமிஷம்தான் முடிவு செய்தேன். உள்ளே போனேன். அன்று களத்தில் தூற்றிய புது நெல்லை ஒரு மரக்கால் அளந்து வைத்திருந்தேன். மன்னார்குடியில் எடுத்த சேலையும் இருந்தது. ஆமாம், முன்னாலேயே வாங்கி வைத்துவிட்டேன். நம்புகிறாயா என்று கேட்காதே. நான் நம்பவில்லை. ஆனால் அவள் போய்த்தான் ஆவாள் என்றால், நம் வீட்டுப் பிள்ளையாகப் போகட்டும், அவள் பிள்ளையாக அவள் வீட்டுக்குத் திரும்புகிற மாதிரி இருக்கக்கூடாது என்று பட்டது. இரண்டையும் கொண்டுவந்து மார்த்தா முன்னால் வைத்தேன்.

"தவுடு, அன்னிக்கு ஒங்கம்மா என்ன செஞ்சான்னு இவங்ககிட்ட சொல்லு. ஆசீர்வாதம்னு சொல்லாத. உள்ளதைச் சொல்லு. மீட்க வந்திருக்கேன்னு சொல்லு."

"வேணாம் மாமா."

"சொல்லு."

சொன்னாள். அந்தம்மா முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. முகம் சுண்ணாம்பு மாதிரி ஆயிற்று. மடியிலிருந்த கையை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டாள், நெல்லில் பட்டுவிடும் என்று பயந்தது போல. அவள் ஏதோ கேட்டாள். தவுடு "நோ, நோ" என்றாள். திரும்பக் கேட்டாள்.

"என்னடி?"

"அம்மா நெசமாவே இவங்க என்னை வாங்கிட்டதா நினைச்சாங்களான்னு கேக்குறாங்க. பிள்ளை வாங்குற மனுஷங்களா ஆயிடக்கூடாதுன்னுதானே எல்லாத்தையும் விட்டுட்டு இப்படி உதவி பண்ண வந்தோம்கிறாங்க. இத்தனை வருஷமா அப்படித்தான் இந்த ஊரு எங்களை நெனச்சிச்சான்னு கேக்குறாங்க."

அவளுக்குப் பயம். என்னை விட அதிகப் பயம். அதை நான் எதிர்பார்க்கவில்லை அஞ்சலை. அவ்வளவு பெரிய ஆளுக்கு ஒரு முறம் தவிட்டைக் கண்டு பயம் வரும் என்று யார் நினைப்பார்கள்? ஆனாலும் நான் இறங்கவில்லை.

"பழசை விடச் சொல்லு. நெல்லை மட்டும் தொட்டு வாங்கிக்கச் சொல்லு. முடிஞ்சிடும்."

"வாங்க மாட்டாங்களாம் மாமா. வாங்கினா என்னை வித்ததா ஆயிடுமாம். அவங்க பிள்ளைய வாங்கவும் இல்லையாம், விக்கவும் மாட்டாங்களாம்."

வாசல்படியில் உட்கார்ந்திருந்த ராசாத்தி வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "இதென்னடி கூத்து? வாங்கலங்கிறாங்க, விக்கவும் மாட்டாங்களாம். அப்ப புள்ள யாருது?"

மரக்கால் நடுவில் இருந்தது. அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். கையெடுத்துக் கும்பிட்டால் வாங்கிக்கொள்வாளா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. கும்பிடவில்லை. என் கை யாரையும் கும்பிட்டுப் பழகவில்லை.

தவுடுதான் பேசினாள். முதலில் தமிழில், பிறகு அதையே இங்கிலீஷில். இரண்டு பேருக்கும் ஒரே வார்த்தைதான் என்று காட்டத்தான் அப்படிச் செய்தாள் என்று நினைக்கிறேன்.

"எங்கம்மா என்னைக் காப்பாத்த வித்துச்சி. இவங்க என்னைக் காப்பாத்த வாங்காம விட்டாங்க. மாமா என்னைக் காப்பாத்த மீட்கணும்கிறாங்க. நான் ஒருத்தி இருக்கேன், என்னை யாராவது கேட்டீங்களா? நான் போறேன் மாமா. படிக்கப் போறேன்."

"திரும்பி வருவேன்னு சத்தியம் பண்ணு."

"கேக்காதீங்க மாமா. கேட்டா பண்ணிடுவேன். பண்ணிட்டு வர முடியாமப் போனா நீங்க தாங்க மாட்டீங்க."

அந்தக் குரல் உன் குரல் அஞ்சலை. ஆனால் நீயாக இருந்தால் கடைசியில் சிரிக்க வைத்திருப்பாய். இவள் சிரிக்க வைக்கவில்லை.

நான் சரி என்று சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. நான் சொல்லத் தேவையும் இல்லையாம். பதினெட்டு முடிந்தவளுக்கு அவள் கையெழுத்தே போதுமாம். இத்தனை நாள் எந்தக் காகிதம் வந்தாலும் காப்பாளர் என்கிற இடத்தில் என் கையெழுத்தைக் கேட்டார்கள், நான் முறைத்துக்கொண்டே போடுவேன். இப்போது ஒருவரும் கேட்காததுதான் பயமாக இருக்கிறது.

மார்த்தா போகும்போது என் முன்னால் வந்து நின்றாள். ஏதோ ஒன்று மெதுவாகச் சொன்னாள். "நான் இவளுக்கு அம்மா இல்லை, வாங்கினவளும் இல்லை, அப்ப ஒங்க ஊர்ல என்னை என்னன்னு கூப்பிடுவீங்கன்னு கேக்குறாங்க" என்றாள் தவுடு. தூரத்திலிருந்து சோறு போட்டு, பிள்ளையைத் தொடாமல் இருந்தவளுக்கு நம்மிடம் என்ன முறை? அத்தையா, சித்தியா? எனக்குத் தெரியவில்லை. "அதுக்குப் பேரு இல்ல" என்றேன். தவுடு அதை என்னவென்று சொன்னாளோ, அந்தம்மா தலையை ஆட்டிக்கொண்டு காரில் ஏறினாள். சேலையைத் தவுடு எடுத்துக்கொண்டாள். நெல் அங்கேயே இருக்கிறது. நான் அதை மற்ற நெல்லோடு சேர்த்துக் கொள்முதல் நிலையத்துக்கு அனுப்பவில்லை. குத்திச் சமைக்கவும் இல்லை. என்ன செய்வதென்று தெரியவில்லை.

இப்போது வீட்டில் ராத்திரி பகல் என்று இல்லாமல் அந்தப் பாஷைதான். தொண்டையில் மீன் முள் சிக்கினது மாதிரி ஒரு சத்தம் வருகிறது, அதைச் சரியாகச் சொல்ல வேண்டுமாம். போனைப் பார்த்துச் சொல்லிச் சொல்லிப் பழகுகிறாள். சோறு போடும்போது என்னிடமே அந்தப் பாஷையில் ஏதோ கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். தமிழ் இப்படித்தான் ஒவ்வொரு வார்த்தையாக அவள் வாயிலிருந்து இறங்கிப் போகுமோ? அந்த ஊர்க் குளிரில் தைத்த நெஞ்சு தாங்குமா? அங்கே அவளுக்கு மூச்சு வாங்கினால், தண்ணீர் வேண்டுமா என்று எந்தப் பாஷையில் கேட்பார்கள்? மார்த்தாவுக்கும் வயசாகிறது. நாளைக்கு அவளும் போய்விட்டால் அத்தனை பெரிய ஊரில் இவளுக்கு யார்?

உன்னிடம் ஒன்று கேட்கத்தான் வேண்டும். நீ அவளை மீட்கத்தான் நினைத்திருந்தாயா? ஆறேழு வருஷம் இருந்தது. ஒரு தடவைகூட மீட்பது பற்றிப் பேசியதில்லையே, ஏன்? கடல் தாண்டி ஒரு வீட்டில் உன் பிள்ளைக்கு இடம் போட்டு வைத்துவிட்டாயா, என்னிடம் சொல்லாமல்? சொல்லியிருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன் என்பதும் உனக்குத் தெரியும்.

ஆவணியில் அவள் பயணம் என்கிறார்கள். திருச்சியிலிருந்து ஏறுகிறாள்.

நான் ஒரு வேலை செய்துவிட்டேன். தவுடுக்குத் தெரியாது, இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள். எனக்கும் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். தஞ்சாவூரில் போய் வரிசையில் நின்றேன். கைநாட்டு வைக்க மையை நகர்த்தினான் ஒரு பையன். பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். விசாரிக்க ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்தார்.

"இந்த வயசுல எங்க பெரியவரே? சிங்கப்பூரா, மலேசியாவா?"

"பெல்ஜியம்."

"அங்க யாரு இருக்கா?"

"தங்கச்சி மக."

"எப்பப் போனாங்க?"

"இன்னும் போகல."

அவர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டு போனார். சிரிக்கட்டும். மன்னார்குடிக்குப் பஸ்ஸில் போனாலே எனக்கு வாந்தி வரும். விமானத்தில் எத்தனை மணி நேரமோ. குளிர், பாஷை, வழி, எதுவும் தெரியாது. எல்லாவற்றுக்கும் பயம்தான். பயந்துகொண்டே போவேன்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன் அஞ்சலை. அவள் திரும்பி வந்தால், திருச்சியில் இறங்கும்போது வாசலில் நான் நிற்பேன். வராவிட்டால், நான் போய் அவள் இருக்கும் வாசலில் நிற்பேன். அவளுக்குக் கல்யாணம் எந்த ஊரில் நடந்தாலும், எவனோடு நடந்தாலும், முதல் மாலை என் கையால்தான் விழும். அவளுக்குப் பிள்ளை பிறந்தால், அது என்ன பாஷையில் அழுதாலும், என் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். அதுவரைக்கும் சாவதாக இல்லை.

போகச் சொல்லி மட்டும் என் வாயால் சொல்ல மாட்டேன். அதை நீ எதிர்பார்க்காதே.

உன் அண்ணன்,
கயல்விழியின் தாய்மாமன்,
கலியபெருமாள்